கண்புரைச் சத்திரசிகிச்சையில் லேசர்: எங்கே உதவும், எங்கே தேவையில்லை? யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்புரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “லேசரோ செய்தவை?” என்பதுதான். “ஓம், லேசர்தான். தையல் ஒண்டும் போடேல்லை” என்று பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் பிழை. தையலில்லாமல், சிறு துளையூடாகப் புரையை எடுக்கும் முறைக்குப் பேக்கோ என்று பெயர். அதில் வேலை செய்வது லேசர் அல்ல. அல்ட்ராசவுண்ட் எனப்படும் கழியொலி அதிர்வுதான் புரையை உடைக்கிறது. அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன் 1967இல் இதை அறிமுகப்படுத்தினார்.

இது வெறும் பெயர்க் குழப்பமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இந்தக் குழப்பத்தால் தேவையில்லாத ஒன்றுக்குக் காணி ஈடுவைத்துப் பணம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். “லேசர் கிடைச்சால் செய்வம்” என்று காத்திருந்து கண்ணைக் கெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே லேசர் எந்தக் கட்டத்தில் வருகிறது, என்ன செய்கிறது, யாருக்குப் பயன் என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

பெயர்களைப் பிரித்தறிதல்

கண்புரை சம்பந்தப்பட்ட லேசர்கள் மூன்று. ஒன்று, சத்திரசிகிச்சைக்கு முன் கண்ணின் நீளத்தை அளக்கும் லேசர். இரண்டாவது, சத்திரசிகிச்சையின் முதற்பகுதியைக் கத்திக்குப் பதிலாகச் செய்துகொடுக்கும் பெம்ரோ செக்கன் லேசர். மூன்றாவது, சத்திரசிகிச்சை முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை திரும்ப மங்கினால் பிடிக்கும் யாக் லேசர்.

நீரிழிவால் விழித்திரையில் குருதி கசிபவர்களுக்குப் பிடிக்கும் லேசர் வேறு. கண்ணமுக்கம் திடீரென்று ஏறாமலிருக்கக் கதிராளியில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறவட்டத்தில்) துளையிடும் லேசர் வேறு. கண்ணாடியைக் கழற்றுவதற்காக இளவயதினர் செய்யும் லேசிக்கும் வேறு. இந்த மூன்றும் புரையை எடுப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கண்ணைத் திறக்காமல் வெளியிலிருந்து பிடித்துப் புரையைக் கரைத்துவிடும் லேசர் இன்றுவரை இல்லை. கரைக்கும் சொட்டுமருந்தும் இல்லை. தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் கண்ணுக்குள் புரை இருக்கும் வில்லைவரை போய்ச் சேராது. கருவிழியில் புண்ணும் கிருமித்தொற்றும்தான் மிச்சமாகும். அந்தத் தழும்பு பிறகு சத்திரசிகிச்சையையும் கடினமாக்கும்.

புரை இருக்கும் இடம்

கதிராளிக்குப் பின்னால் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலமும் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பும் கொண்ட வில்லை இருக்கிறது. அதன் புரதங்கள் கலங்குவதே புரை. வில்லையைச் சுற்றி மெல்லிய உறை உண்டு. பின்பக்கத்தின் நடுவில் அது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நாலு பங்கு அளவுக்குத்தான் தடிப்பு. சத்திரசிகிச்சையில் முன்னுறையில் வட்டமாக ஒரு வாசல் வெட்டி, உள்ளே இருக்கும் கலங்கிய வில்லையை எடுத்து, வெறுமையான உறைக்குள் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். முன்வாசல் சீராக இருக்க வேண்டும், பின்னுறை கிழியக்கூடாது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

முதற்படி: நேரம் வந்துவிட்டதா?

“முத்தட்டும், பிறகு எடுப்பம்” என்பது பழைய காலத்துப் பேச்சு. வில்லையை முழுதாக ஒரே துண்டாக எடுத்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது முற்றவிடுவது நட்டம். முற்றிய புரை கல்லுப்போல இறுகும். அதை உடைக்கக் கூடுதல் கழியொலி வேண்டும். அந்தச் சக்தி கருவிழியின் உட்பக்கக் கலங்களைக் கொல்லும். இன்னும் விட்டால் வில்லை ஊதி, கண்ணமுக்கம் ஏறி, வாந்தியும் தாங்கமுடியாத கண்நோவுமாக நடு இரவில் வைத்தியசாலைக்கு ஓட வேண்டி வரும்.

அதற்காக “புரை துவங்கிவிட்டது” என்று கேட்டவுடன் ஓடவும் தேவையில்லை. இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் சிதறி வீதி தெரியாமற்போவது, வெள்ளை வெயிலில் ஒழுங்கைக்குள் வருபவரின் முகம் பிடிபடாதது, அரிசியில் கல் பொறுக்க முடியாதது, கண்ணாடிப் பவர் ஆறு மாதத்துக்கொருமுறை மாறுவது, இவைதான் அறிகுறிகள். உங்கள் வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டதென்றால் நேரம் வந்துவிட்டது.

இரண்டாம் படி: பரிசோதனையும் அளவெடுப்பும்

முழு வழியிலும் ஆகக் கவனமாக இருக்க வேண்டிய படி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. சத்திரசிகிச்சை அழகாக முடிந்தும் பார்வை சரிவரவில்லை என்று குறைப்படுபவர்களில் பலருக்குப் பிழை இங்கேதான் நடந்திருக்கும்.

வைக்கப்போகும் வில்லையின் பவரைக் கணக்கிட முக்கியமாக இரண்டு அளவுகள் வேண்டும்: கண்ணின் முன்-பின் நீளம், கருவிழியின் வளைவு. நீளத்தில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் கண்ணாடிப் பவரில் இரண்டரைக்கு மேல் பிழைக்கும். பழைய முறையில் அல்ட்ராசவுண்ட் கோலைக் கருவிழியில் முட்டவைத்து அளப்பார்கள். கை சற்று அழுத்தினால் கண் அமுங்கி நீளம் குறைந்து காட்டும். லேசர் ஒளியால் அளக்கும் கருவி 1999இல் பாவனைக்கு வந்தது. அது கண்ணைத் தொடுவதே இல்லை. ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்புவதைக்கொண்டு நீளத்தைக் கணிக்கிறது. கண்புரைச் சிகிச்சையில் லேசரால் ஆகப் பலருக்குக் கிடைத்த நன்மை எது என்று கேட்டால், வெட்டும் லேசரைச் சொல்லமாட்டோம். இந்த அளவெடுக்கும் லேசரைத்தான் சொல்வோம். ஆனால் யாரும் இதை லேசர் என்று விளம்பரப்படுத்துவதில்லை.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. புரை முற்றிப் பால்போல வெளுத்துவிட்டால் ஒளி உள்ளே போகாது. அப்போது பழையபடி அல்ட்ராசவுண்ட்தான். முற்றவிடுவதால் வரும் இன்னொரு நட்டம் இது.

அளவெடுக்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. கொண்டாக்ட் வில்லை போடுபவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மென்மையானது என்றால் குறைந்தது ஒரு வாரம், கடினமானது என்றால் பல வாரங்கள். எத்தனை நாள் என்று கிளினிக்கில் கேளுங்கள். கண் வறண்டிருந்தால் கருவிழி வளைவு தாறுமாறாக வரும். முதலில் செயற்கைக் கண்ணீர் விட்டு, வறட்சியைச் சரிசெய்துதான் அளக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் யாராவது முன்பு லேசிக் செய்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பழைய அறிக்கை இருந்தால் காட்ட வேண்டும். வழமையான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இங்கே கூடுதலாகக் காணப்படும் ஒரு சிக்கல், வெள்ளைவிழியிலிருந்து கருவிழிமேல் ஏறும் சதை. வெயிலிலும் காற்றிலும் நிற்கும் தோட்டக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் இது அதிகம். அது கருவிழியை இழுத்து வளைவை மாற்றிவிடும். சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கருவிழி ஒரு நிலைக்கு வரும்வரை சில மாதம் பொறுத்து, பிறகு அளவெடுப்பதே சரி. இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடுங்கோ என்று வைத்தியரை அவசரப்படுத்தாதீர்கள்.

கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்க்க வேண்டும். நீரிழிவு விழித்திரையைத் தின்றிருந்தால் புரையை எடுத்தாலும் பார்வை எதிர்பார்த்த அளவு வராது. சிலவேளை விழித்திரைக்குச் சிகிச்சை முதலில், புரை பிறகு. விரித்த அன்று சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப எண்ணாதீர்கள். சில மணிநேரம் கண் கூசும்.

குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முக்கியமாக, சலம் தடைப்படும்போது அதைச் சரியாக்க ஆண்கள் எடுக்கும் தம்சுலோசின். இது கதிராளியைத் தளர்த்தி, சத்திரசிகிச்சையின்போது துணிபோல அலையவைக்கும். கண்மணியும் நடுவில் சுருங்கும். 2005இல் இந்த நிலை விவரிக்கப்பட்ட பிறகு உலகெங்கும் கண்வைத்தியர்கள் இதைக் கேட்கிறார்கள். முன்பு எடுத்து இப்போது நிறுத்திவிட்டாலும் சொல்ல வேண்டும். அதன் தாக்கம் நீண்டகாலம் நிற்கும். முன்பே தெரிந்தால் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். குருதி உறையாமலிருக்க எடுக்கும் வாபரின், அஸ்பிரின் போன்றவற்றைத் தாமாக நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து. கண்ணில் சொட்டு விட்டு விறைக்கச்செய்யும் சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் அவற்றை நிறுத்தத் தேவையே இல்லை.

மூன்றாம் படி: பெம்ரோ லேசர் உங்களுக்கு வேண்டுமா?

புடாபெஸ்டில் சொல்ரான் நாஜி என்ற வைத்தியர் 2008இல் முதன்முதலாக இந்த லேசரை மனிதரின் புரைச் சத்திரசிகிச்சையில் பயன்படுத்தினார். ஒரு செக்கனைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்துக் கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு பெம்ரோ செக்கன். அப்படிச் சில நூறு பெம்ரோ செக்கன்கள் மட்டுமே நீடிக்கும் ஒளித்துடிப்பு, குவிந்த இடத்தில் இழையத்தை நுண்குமிழியாக்கிப் பிரிக்கிறது. சுற்றியுள்ள இடம் சூடாவதில்லை.

இது செய்யும் வேலைகள் மூன்று. கருவிழி ஓரத்தில் துளைகளை இடும். சிலிண்டர் பவரை (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வரும் பிழையை) குறைக்க வேண்டுமென்றால் வளைவான கீறல்களும் இடும். முன்னுறையில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வட்டத்தை வெட்டும். வில்லையைத் துண்டுகளாகக் கீறி வைக்கும். அத்தோடு லேசரின் வேலை முடிந்தது. துண்டுகளை உறிஞ்சி எடுப்பது அதே பேக்கோ கருவி. வில்லையை வைப்பது அதே வைத்தியரின் கை. பெம்ரோ லேசர் வைத்தியருக்கு ஒரு உதவியாள். வைத்தியரின் இடத்தை அது எடுப்பதில்லை.

நன்மை எங்கே தெளிவாக இருக்கிறது என்றால், கடினமான கண்களில். புரை இறுகியவருக்கு லேசர் முன்கூட்டியே துண்டாக்கிவிடுவதால் கழியொலிச் சக்தி குறைவாகப் போதும். கருவிழியின் உட்பக்கக் கலங்கள் வளர்ந்தவரில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2500 இருக்கும். செத்தால் திரும்ப முளைக்காது. பிறவி நோயாலோ முந்தைய காயத்தாலோ அவை ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இந்தச் சேமிப்பு மதிப்பானது. அடிபட்டோ வேறு காரணத்தாலோ வில்லையைத் தாங்கும் நார்கள் தளர்ந்தவர்களுக்கும் அப்படியே. கையால் உறையைக் கிழிக்கும்போது வில்லை ஆடும். லேசர் இழுக்காமல் வெட்டும். வட்டம் சீராக வருவதால், சிலிண்டர் பவருக்கான ரொறிக் வில்லையும் பலதூர வில்லையும் வைப்பவர்களுக்கு வில்லை நடுவில் அமர்வதற்கு உதவலாம்.

இனிச் சாதாரணமான புரை. பிரான்சின் 5 பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வு, பெம்ரோ லேசர் வழமையான பேக்கோவைவிட மேலான பலன் தரவில்லை என்றும், செலவுக்கு ஏற்ற நன்மை இல்லை என்றும் முடித்தது. அதே ஆண்டு வெளியான பிரித்தானிய ஆய்வும் இரண்டும் பார்வையிலும் பாதுகாப்பிலும் சமம் என்றே கண்டது. ஆகவே நடுத்தர இறுக்கமுள்ள புரை, ஆரோக்கியமான கருவிழி, நன்றாக விரியும் கண்மணி உடைய ஒருவர் “எனக்கு லேசர் கிடைக்கேல்லை” என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அனுபவமுள்ள கை செய்யும் பேக்கோ அவருக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மிக இறுகிய புரைக்கு, 6 மில்லிமீற்றரளவு துளையூடாக வில்லையின் இறுகிய நடுப்பகுதியை முழுதாக எடுக்கும் தையலில்லாச் சிறுவெட்டு முறையும் நல்ல முறைதான். வசதி குறைந்தவருக்கான மாற்று என்று அதை நினைக்க வேண்டாம்.

லேசருக்குப் பொருந்தாத கண்களும் உண்டு. 5 மில்லிமீற்றர் வட்டம் வெட்டக் கண்மணி அதைவிடப் பெரிதாக விரிய வேண்டும். விரியாத கண்மணிக்குச் செய்ய முடியாது, அல்லது முதலில் வளையம் வைத்து விரிக்க வேண்டும். கருவிழித் தழும்பும் பெரிய சதையும் ஒளியை மறிக்கும். குளுக்கோமாவுக்காக (கண்ணமுக்கம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்க்காக) சத்திரசிகிச்சை செய்த கண்ணில், லேசரின்போது கண்ணைப் பிடித்துவைக்கும் உறிஞ்சுவளையத்தைப் பொருத்துவது உகந்ததல்ல. கண் குழிந்தவர்கள், தலைநடுக்கம் உள்ளவர்கள், நேராகப் படுக்கவே முடியாமல் மூச்சிழுப்பவர்கள், சொல்வது கேளாதவர்கள் ஆகியோருக்கும் சிரமம்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் கண்ணில் லேசர் வேண்டும் என்பதற்குக் காரணம் என்ன? வெட்டுவதற்கோ அளப்பதற்கோ லேசர் என்கிறீர்கள்? லேசர் இல்லாமல் செய்தால் என்ன வித்தியாசம் வரும்? வில்லைக்கு எவ்வளவு, லேசருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தருவீர்களா? தமிழில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. கண்ணைப் பற்றித் தமிழில் விளங்கப்படுத்த முடியாதது எதுவுமில்லை.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்; கிளினிக் கொப்பியில் திகதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். லேசருக்காகக் கொழும்புக்கோ, பலாலியிலிருந்து விமானமேறிச் சென்னைக்கோ போக நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று குறைந்தது மூன்றுமுறை கண்ணைக் காட்ட வேண்டும். வழமையான புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் விமானப் பயணம் தன்னளவில் கெடுதலல்ல. ஆனால் மூன்றாம் நாள் திரும்பி வந்து, ஐந்தாம் நாள் கண் சிவந்தால் யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் போங்கள். விழித்திரைக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு விட்டிருந்தால் மட்டும் வைத்தியர் சொல்லும்வரை விமானம் ஏறவே கூடாது.

நான்காம் படி: வில்லையைத் தெரிதல்

பணம் மட்டாக இருந்து லேசரா நல்ல வில்லையா என்று வந்தால், பெரும்பாலானோருக்கு வில்லையிலும் சரியான அளவெடுப்பிலும் செலவழிப்பதே புத்தி.

ஒற்றைத்தூர வில்லை தூரத்தைத் தெளிவாகக் காட்டும். வாசிக்கக் கண்ணாடி வேண்டும். விலையும் குறைவு, குறைபாடும் குறைவு. சிலிண்டர் பவர் ஒன்றரை அளவுக்கு மேல் இருந்தால் ரொறிக் வில்லை பெரிய மாற்றத்தைத் தரும். அது சரியான கோணத்தில் அமர வேண்டும். ஒவ்வொரு பாகை திரும்பும்போதும் அதன் பலனில் ஏறத்தாழ மூன்று வீதம் போய்விடும். பலதூர வில்லை கண்ணாடித் தேவையைக் குறைக்கும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும். இரவில் வாகனம் ஓட்டுபவருக்கும், இரவுக் கடலில் வெளிச்சம் பார்த்துத் தொழில் செய்பவருக்கும், விழித்திரையோ பார்வை நரம்போ பழுதானவருக்கும் அதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

ஐந்தாம் படி: சத்திரசிகிச்சை நாள்

முதல்நாளே தலைமுழுகி, முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அன்று திருநீறு, சந்தனம், பவுடர், கண்மை எதுவும் வேண்டாம். சாப்பிடலாமா, எந்த மாத்திரை எடுக்கலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து மயங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. இருமல், தடிமன் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது வரும் ஒரு இருமல் பின்னுறையைக் கிழிக்கப் போதும்.

கண்மணி விரியும் மருந்தைப் பலமுறை விடுவார்கள். பெம்ரோ லேசர் செய்வதென்றால் அழற்சி குறைக்கும் சொட்டும் முன்கூட்டியே விடுவார்கள், ஏனென்றால் லேசர் பட்டதும் கண்ணுக்குள் சுரக்கும் பொருட்களால் கண்மணி சுருங்கும். இந்தச் சொட்டைத் தவறவிட்டால் வைத்தியர் சுருங்கிய கண்மணியூடாக வேலை செய்ய வேண்டி வரும்.

லேசர்க் கட்டிலில் படுத்ததும் கண்மேல் ஒரு வளையம் பொருத்தி உறிஞ்சிப் பிடிப்பார்கள். அழுத்தம் தெரியும், பார்வை சற்று இருளும்; நோகாது. கருவி கண்ணின் உள்ளமைப்பைப் படமெடுத்து, வட்டமும் கீறல்களும் எங்கே வரவேண்டும் என்று காட்டும். வைத்தியர் அதைச் சரிபார்ப்பார். பின்னுறைக்கும் கடைசிக் கீறலுக்கும் இடையே அரை மில்லிமீற்றரளவு இடம் விடப்படும். லேசர் பாய்வது ஒரு நிமிடமளவுதான். அந்த நிமிடத்தில் தலையை அசைத்தாலோ இமையை இறுக்கினாலோ உறிஞ்சல் விடுபடும். கருவி தானாக நின்றுவிடும். உறிஞ்சலால் வெள்ளைவிழியில் குருதித் திட்டு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும்.

வட்டம் முழுதாக அறுபடாமல் எங்காவது ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைக் கவனிக்காமல் இழுக்கும்போது கிழிவு பின்பக்கம் ஓடும். லேசரால் உண்டான வாயு வில்லைக்குப் பின் அடைபட்டிருக்க, அவசரமாக நீரைச் செலுத்தினால் பின்னுறை வெடித்து வில்லை கண்ணின் அடிக்கு விழும். இந்த முறை வந்த முதல் வருடங்களில் இப்படி நடந்ததுண்டு. வாயுவை முதலில் வெளியேற்றி, நீரை மெதுவாகச் செலுத்துவதே பரிகாரம். இதனால்தான் “எந்த மெசின்” என்பதோடு “அந்த மெசினில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்” என்றும் கேட்கச் சொல்கிறோம்.

பிறகு நுணுக்குக்காட்டியின் கீழே, லேசர் இல்லாதவருக்கும் உள்ளவருக்கும் ஒரே ஒழுங்கு. பொவிடோன் அயடீன் 5 வீதக் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் பொறுப்பது கிருமித்தொற்றைத் தடுக்கும் முக்கியமான காரியம். 2 முதல் 3 மில்லிமீற்றர் துளையூடாகப் புரையை உறிஞ்சி, மடித்த வில்லையைச் செலுத்தி விரியவிடுவார்கள். முடிவில் கண்ணுக்குள்ளேயே நுண்ணுயிர்க்கொல்லி ஒரு துளி வைப்பது, தொற்றை ஏறத்தாழ ஐந்து மடங்கு குறைத்ததாக 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. போகும்போது வில்லையின் பெயரும் பவரும் உள்ள ஒட்டுத்துண்டைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். மற்றக் கண்ணுக்குச் செய்யும்போது உதவும்.

ஆறாம் படி: அடுத்த ஆறு வாரம்

துளை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அதை லேசரே இட்டிருந்தாலும், ஆறும் காலம் ஒன்றுதான். “லேசர்தானே, உடனே வேலைக்குப் போகலாம்” என்பது பிழையான நம்பிக்கை.

சொட்டு விடும் முறை: கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கீழிமையை இழுத்துப் பை போலாக்கி, ஒரே ஒரு துளி. போத்தல் நுனி கண்ணிலோ மயிரிலோ முட்டக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பால்நிற ஸ்டெரொயிட் மருந்தை நன்றாகக் குலுக்க வேண்டும், குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி வெறும் தண்ணிதான் கண்ணுக்குப் போகும். இந்த மருந்தைப் படிப்படியாகவே குறைப்பார்கள். கண் வெளுத்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பும். நீங்களாக நீட்டினால் சிலருக்குக் கண்ணமுக்கம் ஏறும்.

கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலைமுழுகுவது குறைந்தது இரண்டு வாரம் வேண்டாம். உடம்புக்கு மட்டும் வார்த்து, முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு ஒரு மாதம் பொறுக்கட்டும். துலாவில் தண்ணி இழுப்பது, மூட்டை தூக்குவது, குனிந்து புல்லுப் பிடுங்குவது, வீட்டில் தூளுக்கு மிளகாய் வறுப்பது, விறகடுப்பு ஊதுவது ஆகியவை எல்லாம் வேறொருவரின் பொறுப்பாகட்டும். திருவிழாக் காலமென்றால் வீதிப் புழுதியிலும் பிரதட்டையிலும் இறங்காமல் தூரத்தில் நின்று கும்பிடுங்கள். திருநீற்றை அண்ணாந்து பூசாமல், விரலால் நெற்றியில் மட்டும் தொட்டுவையுங்கள். இரவில் ஒரு வாரம் கண்ணுக்கு மேல் பாதுகாப்பு மூடி போடுவது கட்டாயம். நித்திரையில் கை தானாகக் கண்ணைக் கசக்கும்.

முதல் சில நாள் உறுத்தலும் கூச்சமும் சாதாரணம். நோவு கூடிக்கொண்டு போவது, முதல்நாள் தெரிந்தது அடுத்தடுத்த நாள் தெரியாமற்போவது, சிவப்பு, பீளை, இமை வீக்கம் ஆகியவை கண்ணுக்குள் தொற்று என்பதன் அடையாளம். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும். விடியட்டும் என்று பொறுக்காமல் அந்த மணித்தியாலமே புறப்பட வேண்டும். மின்னல்போல ஒளி, கறுப்புப் புள்ளிகள் திடீரெனப் பெருகுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது விழித்திரை விலகுவதன் அறிகுறிகள். அதற்கும் அன்றே போக வேண்டும். முதலில் நன்றாகத் தெரிந்து, நாலு முதல் ஆறு வாரத்தில் நடுப்பார்வை மங்கினால் விழித்திரை நடுவில் நீர் கோத்திருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு இது கூடுதலாக வரும், மருந்தால் பெரும்பாலும் வற்றும்.

புதுக் கண்ணாடிக்கு ஆறு வாரமளவில் அளவெடுப்பது நல்லது. இரண்டாம் வாரத்தில் அவசரப்பட்டுச் செய்த கண்ணாடியை மாற்ற வேண்டி வரும்.

ஏழாம் படி: பார்வை திரும்ப மங்கினால், யாக் லேசர்

“புரை திரும்ப வளர்ந்திட்டுது” என்று சொல்லப்படுவது புரையல்ல. எடுத்த வில்லை திரும்ப வளராது. உறையில் மிஞ்சிய கலங்கள் பெருகிப் பின்னுறையை மங்கலாக்குகின்றன. சில வருடங்களுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வரலாம். இளையவருக்கும் சிறுவருக்கும் கூடுதலாக. 1980களின் தொடக்கத்தில் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் உருவான யாக் லேசர் வரும்வரை இதற்குத் திரும்பவும் கண்ணுக்குள் கருவி விட வேண்டியிருந்தது. இப்போது வெட்டும் இல்லை, கட்டிலும் இல்லை.

கண்மணியை விரித்து, விறைப்புச் சொட்டு விட்டு, நாடியையும் நெற்றியையும் கருவியில் முட்டவைத்து இருத்துவார்கள். கண்ணில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, சிவப்பு ஒளிப்புள்ளியால் இடம் பார்த்து, ஒரு மில்லியூல் என்ற மிகச் சிறிய சக்தி அளவில் தொடங்கித் துடிப்புத் துடிப்பாகப் பின்னுறையின் நடுவில் 3 முதல் 4 மில்லிமீற்றர் வாசல் திறப்பார்கள். “டிக் டிக்” என்று சத்தம் கேட்கும், நோவு இல்லை. சில நிமிடத்தில் முடிந்துவிடும். குறி சற்று முன்னால் தப்பினால் செயற்கை வில்லையில் சிறு குழிகள் விழும். அதற்காகத்தான் குறியை உறைக்குக் கொஞ்சம் பின்னால் வைப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அசையாமல் இருப்பது மட்டுமே.

சத்திரசிகிச்சை முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் இதைப் பொதுவாகச் செய்வதில்லை. பலதூர வில்லை வைத்து, வளையம் தெரிகிறது, பார்வை பிடிக்கவில்லை என்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். குறை வில்லையிலா உறையிலா என்று தீர்மானிக்காமல் யாக் பிடித்துவிட்டால், பின்னுறை திறந்தபிறகு வில்லையை மாற்றுவது ஆபத்தான வேலையாகிவிடும்.

பிடித்து ஒரு மணித்தியாலத்துக்குப் பின் கண்ணமுக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உடைந்த துகள்கள் வடிகாலை அடைத்துச் சிலருக்கு அமுக்கம் ஏறும், குளுக்கோமா உள்ளவருக்கு இது முக்கியம். இலையான் பறப்பதுபோலச் சில நாள் துகள்கள் மிதக்கும், பிறகு அடங்கும். அன்று பின்னேரமே வழமையான வேலைகளைச் செய்யலாம், முழுகவும் தடையில்லை. ஆனால் இதன்பிறகு விழித்திரை விலகும் சாத்தியம் சற்றுக் கூடும், அதுவும் கிட்டப்பார்வைக்காகப் பெரிய மைனஸ் கண்ணாடி போட்டவர்களுக்கு. மின்னலோ திரையோ தெரிந்தால் வாரங்கள் கடந்திருந்தாலும், “அண்டைக்கு லேசர் பிடிச்சது” என்று சொல்லி அன்றைக்கே கண்ணைக் காட்டுங்கள்.